தங்கக் குடையும் சாவிக்கொத்தும்

டோர்ட்மண்ட், நவம்பர் 12, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் தான் பேசப்போகும் ஜாவாத் தீவு ராசாவின் கதையை மகள் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். ராசாவுக்கு அரண்மனையும் தங்கக் குடையும் உண்டு. கட்டளை மட்டும் தீவைப் பிடித்திருந்த ஒல்லாந்தருடையது. அதையும் ராசாவின் வாயாலேயே சொல்ல வைப்பார்களாம்.

"அவர் ஏன் ஏலாது எண்டு சொல்லேல்லை, அப்பா?"

"குடை போயிடும், பிள்ளை."

அவள் சிரித்தாள். நான் கிடங்கில் மேற்பார்வையாளர். இடுப்பில் சாவிக்கொத்துத் தொங்கும் மகாராசா. எனக்கு அங்கே வேலை எடுத்துத் தந்த சிவம் அண்ணையை, ஜெர்மன் முதலாளி சொன்னபடி, இன்று நானே வேலையிலிருந்து நிறுத்தினேன். தமிழில் சொன்னால் நோகாதாம்.

"நீயோ இதைச் சொல்லுறாய், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். காலையில் மாட்டிக்கொண்டுதான் போவேன்.