உள்நாக்கும் என் நாத்தனாரும்

ஜூன் 3, செவ்வாய்

சோபா உறை ஆறும் தைத்து முடித்தேன். மத்தியானம் அறைக்குள் வந்தால் நாத்தனாரின் கட்டில் காலி. தலையணை, போர்வை, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் முன்னறைக்குக் குடிபோயிருக்கின்றன.

"கொஞ்ச நாளைக்கு இங்கயே படுத்துக்கறேன் அண்ணி. காத்து வருது."

முன்னறையில் காற்றா? அந்த ஜன்னல் திறந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

என் குறட்டைதான் காரணம். அதை வாய்விட்டுச் சொன்னால் என்ன? என் வீட்டுக்காரர் போன பிறகு, "அண்ணி தனியா இருக்க வேணாம்" என்று பெட்டியோடு வந்தவள் இவள். அன்றிலிருந்து ஒரே அறை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். இவள் ஓய்வு பெற்றாளே தவிர, காது ஓய்வு பெறவில்லை. தெருமுனையில் ஸ்கூட்டர் நின்றால் யாருடையது என்று சொல்வாள். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தது என் தவறா?

ஜூன் 4, புதன்

கண்ணாடி முன் நின்று வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். தொண்டை வாசலில் நடுவே தொங்குகிறதே உள்நாக்கு, அதுதான் குற்றவாளி. சிவந்து, நீண்டு, திரைச்சீலைக் குஞ்சம் மாதிரி ஆடுகிறது. மூச்சு போக வரப் படபடக்கிறது; சத்தம் வருகிறது. நீளம் கூடினால் கத்தரிக்க வேண்டியதுதானே? எனக்கு யாரும் தையல் சொல்லித்தரவில்லை. பழைய மெத்தை உறையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இது மட்டும் புரியாமல் போய்விடுமா?

நாத்தனாரிடம் சொன்னேன். "அண்ணி, அது குஞ்சமில்ல. தொண்டை. கத்தரிக்கோலை எடுத்த இடத்துல வைங்க."

ஜூன் 5, வியாழன்

உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், ஆவி பறக்கப் பறக்க. வெதுவெதுப்பாக இருந்தால் போதும் என்றாள் நாத்தனார். வெதுவெதுப்பில் எது சுருங்கும்?

ஜூன் 6, வெள்ளி

சுருங்கவில்லை. வீங்கிவிட்டது. நாக்கின் மேல் ஒரு திராட்சை உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. விழுங்கினாலும் போகவில்லை, துப்பினாலும் வரவில்லை; குமட்டல்தான். நாத்தனார் ஐஸ் கட்டி கொண்டுவந்து வாயில் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

அவள் மகன் வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"கண்ணைப் பாரும்மா, குழி விழுந்து கிடக்கு. உட்கார்ந்த இடத்துலயே தூங்கி வழியுற. நம்ம வீட்டுக்கு வந்துடு. உனக்குன்னு தனி ரூம் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

நினைத்துக்கொள்ளத்தான் செய்வேன்.

அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "மாசக் கடைசியில பாக்கலாம்டா" என்றாள். தாராளமாகப் போகட்டும். எனக்கென்ன, தைக்கக் கிடக்கிறது மலை மாதிரி.

போய்விடுவாளோ?

ஜூன் 11, புதன்

மல்லாந்து படுத்தால்தான் என் குறட்டை உச்சத்துக்குப் போகிறதாம். சரி, இதற்கு வழி என் கையிலேயே இருக்கிறது. நைட்டியின் முதுகுப்புறம் ஒரு பை வைத்துத் தைத்து, ரப்பர் பந்தைப் போட்டு வாயைத் தைத்துவிட்டேன். புரண்டால் குத்தும், தானாக ஒருக்களித்துப் படுப்பேன்.

போட்டுக் காட்டினேன். "ஒட்டகம் குடியிருக்க வந்த மாதிரி இருக்கு அண்ணி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. கோபித்துக்கொள்ள மறந்துபோனேன்.

ஜூன் 12, வியாழன்

குறைந்திருக்கிறதாம். நிற்கவில்லையாம். அவள் கண்ணில் அதே குழி. நாளைக்கு டாக்டரிடம் போய் வெட்டிவிடச் சொல்லப்போகிறேன். எப்படியும் மாசக் கடைசிக்குள் முடிந்தாக வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

காது மூக்கு தொண்டை டாக்டர், சின்ன வயசுப் பெண். "இதுதான் குத்தவாளி, வெந்நீருக்கும் அடங்கல. வெட்டி விட்டுடும்மா" என்றேன்.

"உள்நாக்கு சும்மா தொங்கலம்மா. நீங்க விழுங்கும்போது மேலண்ணத்தோட சேர்ந்து எழும்பி, சாப்பாடும் தண்ணியும் மூக்குல ஏறாம அடைக்குது. எச்சில் சுரந்து தொண்டையை ஈரமா வைக்குது. வெட்டினா தொண்டை வறண்டே கிடக்கலாம். குறட்டை திரும்பியும் வரலாம். நீங்க குத்தவாளிங்கறீங்க, அது அடி வாங்கின ஆளு. குறட்டையில அதிர்ந்து அதிர்ந்து வீங்கியிருக்கு. மிச்சத்தை உங்க வெந்நீர் பாத்துக்கிச்சு."

எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். அதற்குள், "நீங்க தூங்கும்போது யாரு பாக்கறாங்க?" என்று கேட்டுவிட்டார்.

நாத்தனார் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் பாக்கறேன் டாக்டர். சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது, சத்தத்துல நான் தூங்கிடுவேன். திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. லைன் செத்துப்போன மாதிரி. எழுந்து உக்காந்துடுவேன். அப்புறம் அடைச்சதைப் பிச்சுக்கிட்டு வர மாதிரி ஒரு இழுப்பு. மறுபடி நிக்கும். கேக்காம இருந்தா தூங்கலாம்னு முன்னறைக்குப் போனேன். அங்க போனா, கேக்குதான்னு பாக்க எழுந்து எழுந்து வரேன்."

இத்தனையும் டாக்டரிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

மூச்சு நிற்பதுதான் கவனிக்க வேண்டியதாம். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து வழி அடைபடுகிறதாம். சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 14, சனி

பாழாய்ப்போன காது.

ஜூன் 15, ஞாயிறு

நானே சொல்லிவிட்டேன். "நீ உன் பையன் வீட்டுக்குப் போடி. அங்க போயாவது நிம்மதியாத் தூங்கு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அங்கேருந்து எட்டிப் பாக்க முடியாதே அண்ணி. அப்புறம் எங்க தூங்கறது?"

எழுந்து போய் ஊசியில் நூல் கோத்தேன். கோத்த பிறகுதான் தெரிந்தது, தைக்க எதையும் எடுக்கவில்லை என்று.

ஜூன் 24, செவ்வாய்

சோதனையிலும் அதேதான். டாக்டர் மூச்சு மெஷின் கொடுத்திருக்கிறார். காற்றை ஊதி வழியைத் திறந்தே வைக்குமாம். ஒரு குழாய், ஒரு முகமூடி, தலையைச் சுற்றி வார். யானைக்கு முகபடாம் கட்டின மாதிரி இருக்கிறேன். வார் காதுக்குப் பின்னால் அறுக்கிறது. யார் தைத்தது இதை? மனுஷத் தலையைப் பார்த்திருப்பானா? கழற்றி வைத்துவிட்டேன்.

மெஷினை நம்பி எங்கள் அறைக்கே படுக்க வந்த நாத்தனார் தலையணையை எடுத்துக்கொண்டாள். மறுபடி அந்த முன்னறைக்குப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

வாருக்கு ஃபிளானல் துணியில் உறை தைத்தேன். ஒட்டுப்பட்டையைப் பிரித்து, காதைத் தொடாதபடி மேலே ஏற்றி வைத்தேன். முகமூடி இப்போது சரியாக உட்காருகிறது. டாக்டரிடம் காட்டினேன், காற்று கசியவில்லை, இப்படியே போடலாம் என்றார். அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 28, சனி

உள்நாக்கில் வீக்கம் வடிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சிறியதாக, சாதுவாக இருக்கிறது. பாவம்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் அவள் மகன் போன் செய்தான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். எங்கள் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அவள் கட்டிலில் ஒரு கை தரையைத் தொட, முகத்தில் வெயில் விழுவதுகூடத் தெரியாமல் கிடக்கிறாள்.

"தூங்கறா" என்றேன்.

"இன்னுமா? எழுப்புங்க அத்தை."

"மாட்டேன். எழுந்தா அவளே பேசுவா. போனை வை."

நாளைக்குக் கொடுக்க வேண்டிய மெத்தை உறை அப்படியே இருக்கிறது. தையல் மெஷின் சத்தம் போடும். சமையலறையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன்.