குரல் உயர்த்தாதவர்

அன்புத் தங்கைக்கு,

அப்பாவை அடக்கம் செய்து பத்து நாளாகியும் ஆணியிலேயே தொங்கிய அவர் தொப்பியை, இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

பிறகு நம் குவேக்கர் சபையின் எழுத்தர் மார்த்தா வந்தாள். அப்பாவைப் பற்றிய நினைவுச் சான்றை எழுதி வந்திருந்தாள். ‘இம்மையிலேயே பாவம் நீங்கிப் பரிசுத்தமாக வாழ்ந்தார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை’ என்றிருந்தது.

“காலேஜ்ல படிச்சவ நீ. தப்பிருந்தா சொல்லு.”

நான் தாளை மடித்து அவளிடமே நீட்டினேன்.

“அப்பன் மாதிரியே வாயத் திறக்க மாட்டேங்கிறியே. சத்தியம் பண்ணாமலே உண்மை பேசுற சனம் நாம. பொய் எழுதுவோமா?”

பொய்யில்லைதான். ஆயுதம் தொடாத வீட்டில் பிறந்து, லாங்காஸ்டர் ஊர்ப் பட்டாளத்துக்காரனை மணப்பேன் என்று நீ சொன்ன நாள்முதல் இரண்டு குளிர்காலம் அப்பா உன்னிடம் குரல் உயர்த்துவது என்ன, பேசவே இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே நீ உட்கார்ந்திருக்கும்போதே, “வெண்ணெயை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு அவளை” என்பார் என்னிடம். நானும் ஒவ்வொரு முறையும் உன்னிடம் சொன்னேன். நீ வீட்டைவிட்டுப் போனபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சான்றைப் படிப்பார்கள். நம்மிடம் ஓட்டெடுப்பு இல்லை; ஒருவர் ஒப்பாவிட்டாலும் அது சபையின் ஏட்டில் ஏறாது. அப்பாவே எத்தனையோ தீர்மானங்களை அப்படி நிறுத்தியவர்.

மார்த்தாவிடம் தலையாட்டி அனுப்பிவிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது: ஞாயிறன்று எழுந்து, எனக்கு ஒப்பில்லை என்று சொல்லப்போகிறேன். காரணம் கேட்டால் அந்த மேசையில் நடந்ததைச் சொல்வேன், நான் செய்ததையும் சேர்த்து.

உன் அக்கா