வெடிக்காத சோயாக் காய்

அன்பான மச்சான்,

யாருமே நம்பாத ஒரு கதையை, யட்டியாந்தோட்டை மலைகள் அத்தனையின் மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நீங்களும் நம்ப வேண்டாம். கேட்பதற்கென்ன, மேலோகத்தில் வேறு வேலையா இருக்கிறது?

தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் நீங்கள் வளர்த்த சோயா இன்னும் இருக்கிறது. எந்த மழைக்கும் அழுகுவதில்லை. பழைய குறையும் போகவில்லை: முற்றியதும், பறிப்பதற்குள் காய் வெடித்து விதையை எறிந்துவிடுகிறது. போன முறை வெடித்த சத்தத்தில் தோட்டத்துத் தொரை மேசைக்கடியில் புகுந்துகொண்டார். ஒரு விதை பலாங்கொடையில் பஸ் கண்ணாடியை உடைத்தது.

உங்கள் மகள் செல்வி இப்போது விதைப் பண்ணையில் கலப்பு விதை உண்டாக்குகிறாள். உங்கள் சோயாவுக்கு நீங்கள் ஜோடி பார்த்துவைத்தீர்களே, பலாங்கொடைக் கடையில் வாங்கிய அந்த அழகான மஞ்சள் சோயா, அதை மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தாளாம்.

"ரெண்டும் ஒரே குடும்பம் மாமா. இதுகிட்ட இல்லாதது அதுகிட்டயும் இல்ல. அப்பா எத்தன தடவ சேத்தாலும் வெடிச்சதுதான் மிச்சம்."

"சொந்தத்துல கட்டுறது நமக்குப் புதுசா? ஒங்கப்பாவும் அம்மாவும் மொறதானே?"

"அதான் ரெண்டு பேரு புடிவாதமும் எனக்கே வந்திருச்சு."

அவள் தேர்ந்தெடுத்தது, நான் வரக்காப்பொலச் சந்தையிலிருந்து கொண்டுவந்த கறுப்புச் சோயா. பார்க்க ஆட்டுப் புழுக்கையை விடக் கொஞ்சம் சுமார்.

"இதுவா மாப்பிள்ள?"

"காஞ்சாலும் வாயத் தொறக்காது மாமா. நம்மளுதுக்குச் சொந்தமும் இல்ல."

"ஒனக்கும் அப்படியே ஒருத்தனப் பாக்கவா?"

"மொதல்ல அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. அவரு பாத்து வச்சத வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

அதனால்தான் இந்தக் கடிதம். கோபமா, மச்சான்?

சோயாப்பூ விரியும் முன்பே தனக்குள் கல்யாணத்தை முடித்துவிடும். எனவே மொட்டிலேயே பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, கறுப்பின் மகரந்தத்தைத் தொட்டுவைத்தாள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் வெடித்தன. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையின் குணம் பேரப்பிள்ளைகளில் தலைகாட்டலாம் என்று அவற்றையும் விதைத்தோம். அதிலே காய்த்த ஒரு காயில் ஏறித்தான் நான் களனி கங்கையைக் கடந்தேன்.

தொரை, பஸ், கங்கை எல்லாம் பொய். கடைசியில் ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. இன்று வெயிலில் மற்றவை வெடித்து முடிந்த பிறகும், ஒரு செடி காயை மூடியே வைத்திருந்தது. செல்வி அதைப் பறித்துக் காதோரம் ஆட்டினாள். உள்ளே கலகலவென்றது.

"அப்பாவுது, மாமா," என்றாள்.

அதில் ஒரு விதையைக்கூட அவிக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
கறுப்பு மாப்பிள்ளையைக் கூட்டிவந்த உங்கள் மச்சான்,
செல்வியின் தாய்மாமன்