முடிவுத் திகதி

2008 பெப்ரவரி 11

காலையிலிருந்து மழை. கடை வாசலில் ஒதுங்கியவர்கள் பலர், வாங்கியவர் யாருமில்லை. அப்பா அத்தனை பேருக்கும் பெயிண்ட் விலை சொன்னார்.

செல்லசாமி மாமா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நகைக்கடைக்காரர். ஹட்டன் பஜார் வர்த்தகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், அப்பா உபதலைவர். வேறு ஊர்ச் சங்கங்களெல்லாம் இன்டர்நெட்டில் வந்துவிட்டனவாம், நாம் மட்டும்தான் பாக்கியாம்.

"நீதான் கம்பியூட்டர் படிச்ச புள்ள. ஒண்ணு செஞ்சு குடு ஜெயா."

நான் படித்தது ஒரு டிப்ளோமா. அப்பாவின் ஹார்ட்வெயார் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கும் கயிற்றுச் சுருளுக்கும் முன்னால் ஒரு மூலை எனக்கு. ஒரு கம்பியூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு போன். பலகையில் 'கொமியுனிகேஷன்' என்று எழுதியிருக்கிறது. அதனால் பஜாரைப் பொறுத்தவரை நான் இஞ்சினியர். சரி என்றேன். சொல்லாவிட்டால் மாமா மழை விடும்வரை இருந்திருப்பார்.

பெப்ரவரி 15

இணையத்தளம் கட்ட ஜூம்லா என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. சும்மா கொடுக்கிறார்கள். யாரும் எடுத்துத் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்ளலாம், தமிழில்கூட மாற்றிக்கொள்ளலாம். அப்பாவிடம் சொன்னேன். சும்மா கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்டார்.

இறக்கி முடிக்கப் பாதி நாள் போயிற்று. இன்டர்நெட்டுக்கும் கடை போனுக்கும் ஒரே லைன். ஒன்று ஓடினால் மற்றது ஓடாது. அப்பாவுக்கு வந்த ஓர்டர் போன்கள் எல்லாம் போயின. இரவுச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேசினார்.

பெப்ரவரி 20

டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்கிறது. காரணம் கேட்டால் சொல்வதில்லை. அப்பாவே தேவலாம்.

பெப்ரவரி 23

பாஸ்வேர்டில் ஒரு எழுத்துப் பிழை. நான்தான். இணைந்துவிட்டது.

கடைசியில் இன்ஸ்டாலேஷன் என்ற கோப்புறையை அழித்தால்தான் திறப்பேன் என்றது. வீடு கட்டி முடித்ததும் சாரம் பிரிப்பதுபோல. அழித்தேன், திறந்தது. மாதிரிக்கென்று அவர்களே போட்ட ஆங்கிலச் செய்திகளும் ஒரு வாக்கெடுப்பும் முகப்பில் இருந்தன. செல்லசாமி மாமா பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வாக்கும் போட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 6

அப்பாவோடு கொழும்புக்குப் போய்ப் பெயிண்ட் எடுத்து வந்தோம்.

ஹட்டனில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வட்டவளை. ரயில் மெதுவாகும்போதே அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஸ்டேஷன் தாண்டியதும் மடித்துவிடுவார். போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. வரும்போது கையில் இருந்தது அதே பேப்பர்தான்.

வட்டவளையில் அண்ணன் இருக்கிறான். கோகுலராஜ். தேயிலை பேக்டரி ஒபீஸில் கிளாக்கர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த புஷ்பராணியைக் கல்யாணம் செய்துகொண்டான். "லயத்துல பொண்ணு எடுத்தா அங்கேயே இருந்துக்க" என்றார் அப்பா. சொன்ன சொல் கேட்காத பிள்ளை அதை மட்டும் கேட்டான். இப்போது ஒரு மகள், நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு அப்பா கோயிலுக்குப் போன பிறகு போனில் பேசுவேன். ரயிலில் எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஒரு நாய் மட்டும் இருந்தது.

மார்ச் 16

ஜூம்லாவைத் தமிழாக்குகிறோம். நானும் ஜெயரத்தினம் மாஸ்டரும். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே கணக்குப் படிப்பிக்கிறார், சங்கத்தின் கடிதமெல்லாம் அவர் எழுதுவதுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அவர் அடித்துத் தந்த தமிழ் திரையில் குப்பையாக வந்தது. எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன்.

ஒரு கட்டுரை எந்தத் திகதியில் வெளியே தெரிய வேண்டும், எந்தத் திகதியில் மறைய வேண்டும் என்று இரண்டு கட்டங்கள். மாஸ்டர் 'வெளியீட்டு ஆரம்பத் திகதி', 'வெளியீட்டு முடிவுத் திகதி' என்று எழுதினார். நீளம் தாங்காமல் பக்கம் சரிந்தது. வெட்டி 'ஆரம்பம்', 'முடிவு' என்று போட்டேன். மாஸ்டருக்கு மனமில்லை.

"சுருக்கினா கருத்து மாறும், பிள்ளை."

மாறினால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மார்ச் 30

சங்கக் கூட்டத்தில் மூன்று பகுதிகள் முடிவாயின: செய்தி, கோயில் விசேஷம், மரண அறிவித்தல். முதல் இரண்டையும் யாரும் பார்க்கப்போவதில்லை என்று செல்லசாமி மாமாவே சொன்னார்.

மரண அறிவித்தல் எப்படி வருகிறது என்று சோதிக்க ஒரு மாதிரி தேவைப்பட்டது. அப்பா பின்னால் வந்து நின்று, தன்னுடையதை எழுதச் சொன்னார். கூட்டாளி ஆண்டியப்பன் செத்தபோது நோட்டீஸில் 'ஆண்டியப்பம்' என்று அடித்துவிட்டார்களாம். தனக்கு அந்த நிலைமை வரக்கூடாதாம். உட்கார்ந்து சொன்னார், அடித்தேன்.

"ஹட்டன் பஜார் வர்த்தகர் தம்பையா அவர்கள் இன்று காலமானார்."

இன்று என்று எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

"என்னைக்குப் போனாலும் அது இன்னைக்குத்தானே."

"அன்னார் காலஞ்சென்ற மீனாம்பாளின் அன்புக் கணவரும், ஜெயலெட்சுமியின் அன்புத் தந்தையும் ஆவார்."

விரல் நின்றது. அண்ணன் பெயர் என்றேன்.

"சொல்றத எழுது. முற்றுப்புள்ளி வை."

வைத்தேன். ஒரு கமா போட இடம் இருந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கி எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார். நாளைக்கு நான் இதைத் திருத்தினாலும் அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை, அப்போது அவர் இருக்கமாட்டார். ஆனால் இருக்கும்போதே இப்படி எழுதச் சொல்கிறாரே, அதுதான் எனக்கு ஆத்திரம். செத்த பிறகும் பேப்பரை விரித்துக்கொண்டுதான் போவார் போலிருக்கிறது.

'ஆரம்பம்' என்ற இடத்தில் ஜூம்லாவே இன்றைய திகதியைப் போட்டிருந்தது. எழுதத் தொடங்கிய நாள்தானே. 'முடிவு' காலியாக இருந்தது. அப்பாவின் முடிவு எப்போது என்று கேட்கிறது என்றேன்.

"ரெண்டாயிரத்து முப்பதுன்னு போடு. அதுக்கு மேல இருந்தா உனக்குத்தான் தொந்தரவு."

போட்டேன். தளத்தை இன்னும் யாருக்கும் திறந்துவிடவில்லை.

ஏப்ரல் 4

அண்ணனின் பெயரைச் சேர்த்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 22

மூன்று நாளாகக் கரண்ட் வருகிறது, போகிறது. எழுத ஒன்றுமில்லை.

மே 14

தளம் திறந்தாயிற்று. 'தளம் மூடப்பட்டுள்ளதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மாற்றினேன், அவ்வளவுதான். செல்லசாமி மாமா கம்பியூட்டருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். தண்ணீர் கீபோர்டுக்குப் போகாமல் நான் உடம்பால் மறைத்தேன். வெளிநாட்டு உறவுக்காரர்கள் எல்லோருக்கும் முகவரி அனுப்பினேன். முகப்பை மட்டும் ஒருதரம் பார்த்தேன், கோயில் கோபுரப் படம் நன்றாக விழுந்திருந்தது.

மே 15

இன்று அப்பாவின் சாவுக்குப் பஜாரே வந்தது. அப்பாவும் இருந்தார்.

கடை திறந்ததிலிருந்து தேர்த் திருவிழாப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். லைன் முழுக்க அதற்கே. என் மொபைல் கடைக்குள் சிக்னல் எடுக்காது, மேசை லாச்சியில் கிடந்தது. எதிர்ப் புடவைக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பிறகு பக்கத்து பார்மசி. சங்கத்தில் பெரிய ஆள் யாராவது போனால் அப்படிச் செய்வது வழக்கம். அப்பா எட்டிப் பார்த்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் நாமும் இறக்குவோம் என்று எழுந்து எங்கள் ஷட்டரையும் பாதி இறக்கினார். அது வந்தவர்களுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

முதலில் குனிந்து நுழைந்தவர் செல்லசாமி மாமா. வெள்ளை வேட்டி, கையில் மாலை. அப்பாவைக் கண்டு அப்படியே நின்றார்.

"யாருக்கு மாலை?" என்றார் அப்பா.

"உனக்குத்தான்."

பின்னால் ஒருவர் ஒருவராக வந்தார்கள். அப்பா இருக்கை காட்டினார். நான் டீக்குச் சொல்லி அனுப்பினேன். ஜெயரத்தினம் மாஸ்டர் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்தார். "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை, பிள்ளை. ஆள் இருக்கிறார். அது மட்டும்தான் பிழை."

தளத்தைத் திறந்து பார்த்தேன், மாதிரிக்கு எழுதியது அப்படியே வெளியே வந்திருந்தது. ஆரம்பம்: மார்ச் 30. முடிவு: 2030. வெளியீட்டு முடிவு. அப்பாவின் முடிவு அல்ல. நான் கண்டுபிடிக்காமல் இருந்தால் அப்பா இன்னும் இருபத்திரண்டு வருடம் 'இன்று' காலமாகிக்கொண்டே இருந்திருப்பார். எடுத்தேன். சுருக்கினால் கருத்து மாறும் என்று மாஸ்டர் அன்றைக்கே சொன்னார்.

இன்டர்நெட்டை நிறுத்தியதும் போன் அடித்தது. லண்டனில் இருக்கும் அத்தை மகன், அழுகை. அங்கே விடிந்ததிலிருந்து அடிக்கிறானாம், லைன் கிடைக்கவில்லையாம், சாவு வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானாம். அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அவனைக் கொஞ்ச நேரம் தேற்றினார். பிறகு பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு, "கோகுலுக்குச் சொல்லிட்டானாம்" என்றார்.

இவ்வளவு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்டேன். வட்டவளைக்குச் செய்தி லண்டன் வழியாகப் போயிருக்கிறது.

லாச்சியில் இருந்த மொபைலை வாசலுக்கு எடுத்துப் போனேன். அண்ணனின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. திருப்பி அடித்தேன், அவன் எடுக்கவில்லை. ரயிலில் இருந்திருப்பான். அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அவர்கள் வந்தபோது அப்பா ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். அண்ணன் வெள்ளை வேட்டியில் படியில் நின்றான், கண் வீங்கியிருந்தது. அண்ணி வெள்ளைச் சேலை. அவள் இடுப்பில் பிள்ளை, அதற்கும் வெள்ளைச் சட்டை. அப்பாவைப் பார்த்ததும் அண்ணன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டான். செல்லசாமி மாமா டீயைக் கீழே வைத்தார். அப்பா அளந்து முடித்து, வெட்டி, சுருட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கொள்ளி வைக்கவா வந்தே?"

"ஆமாப்பா."

"அதுல ஒன் பேரு இல்லையே."

"ஒபீஸ் கம்பியூட்டர்ல பாத்தேன். திரும்பத் திரும்பப் படிச்சேன்." அண்ணன் ஷட்டரை இன்னும் விடவில்லை. "பேரு இல்லாட்டி என்னப்பா, மகன் நான்தானே. விரட்டினாலும் ஓரமா நிக்கலாம்னு வந்தேன்."

அப்பா கயிற்றுச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பிள்ளைக்குப் பால் இருக்கிறதா என்று கேட்டார். நான் பின்கட்டுக்கு ஓடி, பாலை அடுப்பில் வைத்துவிட்டு அழுதேன். பால் பொங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது அப்பா பிள்ளையிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். அது முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டது. அண்ணிதான் சொன்னாள்: "கேஷிகா, மாமா." மாமா என்று சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அப்பா தலையாட்டினார்.

அண்ணனுக்கு நாளை வேலை. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார்கள். அப்பா படிவரை வந்தார்.

"அடுத்த தடவை வெள்ளை உடுத்திக்கிட்டு வராதீங்க."

மே 17

நேற்றும் இன்றும் தளத்துக்கு நல்ல கூட்டம். மரண அறிவித்தலுக்கு மட்டும். செல்லசாமி மாமாவுக்குச் சந்தோஷம்.

மே 22

அப்பா தனியாகக் கொழும்புக்குப் போய்விட்டு இன்று திரும்பினார். எப்போதும் வரும் ரயிலில் வரவில்லை, அடுத்ததில் வந்தார். பையில் பேக்டரித் தேயிலைத்தூள் ஒரு பொட்டலம். கொழும்பில் போய்த் தேயிலை வாங்குகிற ஆள் இல்லை அவர்.

மே 24

கடை மூடும் நேரத்தில் அப்பா என் மூலைக்கு வந்து உட்கார்ந்தார். திருத்தம் ஒன்று போட வேண்டும் என்றார். நியாயம்தான், அறிவித்தலை எடுத்தேனே தவிர யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. 'தம்பையா அவர்கள் காலமானதாக வெளிவந்த செய்தி' என்று தொடங்கினேன்.

"அது எதுக்கு? நான் கடையில உக்காந்திருக்கிறத எல்லாரும்தான் பாக்கிறாங்க. பிழை அங்க இல்ல."

அழித்தேன். அவர் சொன்னார், அடித்தேன்.

"திருத்தம். ஹட்டன் பஜார் வர்த்தகர் தம்பையா அவர்கள் கோகுலராஜ், ஜெயலெட்சுமி ஆகியோரின் தந்தையும், புஷ்பராணியின் மாமனாரும்…"

நிறுத்தினார். எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் பார்த்துவிடுவார் என்று துடைக்கவில்லை.

"கேசிகாவா, கேஷிகாவா?"

கேஷிகா என்றேன். அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் அந்த 'ஷி'யை அவரே அடித்தார். மிச்சத்தை நான் அடித்தேன்: கேஷிகாவின் தாத்தாவும் ஆவார்.

எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார். இது எதுவரைக்கும் தெரியும் என்று கேட்டார். 'முடிவு' என்ற கட்டத்தைக் காட்டி, இதில் போடுகிற நாள்வரைக்கும் என்றேன்.

"அதுல ஒண்ணும் போடாத."

காலியாக விட்டுச் சேமித்தேன்.