யாரும் சாகாத செய்தி

நானா,

நேற்று பதுளை பஜாரில் மகளுக்குச் சட்டைத் துணி எடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் புதுத் துணிக்கட்டைப் பிரித்து உதறியதும் கஞ்சி மணம் குப்பென்று ஏறியது. உங்கள் கடையின் மணம். பின்பக்கம் துணிக்கட்டின் மேல் தாளை வைத்து நீங்கள் செய்தி எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று ஒரு கணம் எட்டியே பார்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து கொழும்பிலிருந்து எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க் அழைத்தது. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் இல்லை என்று அனுப்பியிருந்தேன். "இதில ஸ்டோரி எங்க அக்கா?" என்றது டெஸ்க்கில் இருந்த சின்னப் பிள்ளை. வந்த ஆத்திரத்தில் துணியும் எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். ஆத்திரத்தில் பாதி உங்கள் மேல்தான். இதைக் கொட்ட ஓர் ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டீர்களே.

ஸ்டோரி என்றால் கதை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பத்திரிகைக்கு வந்ததும் அது செய்தி என்றானது. அதோடு நின்றதா? பெரிய மனிதர் நாடா வெட்டினால் ஸ்டோரி. தோட்டத்து ஆள் மருந்துக்காக மாதக்கணக்கில் நடந்தால் ஸ்டோரி இல்லை. படம் இருந்தால் ஸ்டோரி, படத்தில் யாராவது அழுதால் நல்ல ஸ்டோரி. நீங்கள்தான் ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னீர்கள்: "ஸ்டோரி எங்கன்னு கேட்டா, மையித்து எத்தனைன்னு கேக்குறாங்க தங்கச்சி." உங்கள் முஸ்லிம் பேச்சில் மையித்து என்றால் பிணம்.

நீங்கள் ஒரு பத்திரிகைக்கு நிருபர், நான் போட்டிப் பத்திரிகைக்கு. ஆனால் பசறை பஸ்ஸில் சேர்ந்தே போவோம், ஒரே ஆளிடம் பேசுவோம், திரும்பும்போது செய்தியின் முதல் பந்தியாக யார் எதை எழுதுவது என்று பங்கு பிரிப்போம். இரண்டு ஆசிரியர்களுக்கும் கடைசிவரை தெரியாது. மடுல்சீமைக்கும் அப்படித்தான் போனோம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. கையை விட்டேன், முழங்கைவரை உள்ளே போனது. வரிசையாக ஆறு காம்பரா, அறைக்கு ஒன்றாக ஆறு குடும்பம். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஓர் அக்கா கேட்டார்: "தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லியாச்சுங்க, கிராம சேவகர்கிட்டயும் சொல்லியாச்சு. பேப்பர்ல போட்டாலாச்சும் வேற எடம் குடுப்பாங்களா?"

இரண்டு டெஸ்க்கும் ஒரே பதில்தான் சொன்னது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஸ்டோரி எங்கே? நான் தொலைபேசியில் தொண்டை வற்றச் சண்டை போட்டேன். நீங்கள் சண்டை போடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொன்றை அனுப்பினீர்கள். லயத்தின் கோடியிலிருந்த சின்னக் கோயிலில் அம்மன் சிலை இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. படத்தோடு வந்தது: 'அம்மன் சிலை சாய்ந்தது, தோட்டத்தில் பரபரப்பு.'

கடைக்கு வந்து கத்தினேனே, நினைவிருக்கிறதா? "எங்க சாமிய வச்சு வேடிக்க காட்டுறீங்களா நானா?" வாடிக்கையாளர்கள் முன்னால் அப்படிக் கேட்டேன். நீங்கள் துணியை அளந்துகொண்டே சொன்னீர்கள்: "ஒரு சொல்லு பொய்யா எழுதியிருக்கேனா? மண்ணு எறங்குனதாலதான் செல சாஞ்சது. அதையும் கடைசி வரியில போட்டிருக்கேன். கும்புட வர்றவங்க அந்த வெடிப்பத் தாண்டித்தானே வரணும்?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். கூட்டத்தைப் பார்க்கப் பொலிஸ் வந்தது, பொலிஸுக்குப் பின்னால் அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவருடைய கால் வெடிப்புக்குள் போனது. அந்த வாரமே ஆறு குடும்பங்களையும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்கு மாற்றினார்கள்.

அடுத்த மாதம் ஒரு பகல் மழையில் மலை இறங்கியது. நாம் போனபோது லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அதே அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். "எல்லாரும் இருக்கோமுங்க" என்றார். என் தொலைபேசி அடித்தது. எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப ஸ்டோரி இல்லியே, ஒரு படம் மட்டும் அனுப்புங்க." அடுத்த நிமிடம் உங்கள் தொலைபேசியிலும் அதே பேச்சு. நீங்கள் சிரித்தீர்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள், அப்புறம் சிரிப்பு நின்றும் கண்ணீர் நிற்கவில்லை. அன்றைக்காவது கடையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நீங்கள் போன மறுநாள் உங்கள் டெஸ்க்கே என்னை அழைத்தது. "உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியுமாம், ஒரு நல்ல ஸ்டோரி குடுங்க" என்றார்கள். ஆக, நீங்களும் செத்த பிறகுதான் ஸ்டோரி ஆனீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். நீங்கள் பிறந்த ஊர், கடை, பிள்ளைகள் எல்லாம் அச்சில் வந்தன. ஒரு பந்தியை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் எனக்கு மனப்பாடமாக இருப்பது அந்தப் பந்தி ஒன்றுதான், நானா: 'மடுல்சீமையில் ஒரு லயத்தின் மேல் மலை சரிந்தது. அங்கே குடியிருந்த ஆறு குடும்பங்களும் இன்று உயிரோடு இருக்கின்றன. அதற்கு இவர் காரணம்.'