விளக்கை முத்தம்மாள் பிடிக்கட்டும்

கவரைப்பேட்டை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரம்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இன்றைய பொழுதுக்குச் சுகம், அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஸ்நேகாவும் குறையில்லாமல் இருக்கப் பெரியபாளையத்தாளை வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்நேகா மெடல் வாங்கின போட்டோவைப் பால்காரரிலிருந்து அப்பாவைப் பார்க்க வருகிற நர்சு வரைக்கும் காட்டிவிட்டேன், என் பேத்தி என்றால் சும்மாவா. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொண்டை ஆபரேஷனில் அப்பாவுக்குக் குரல்தான் போனது, காது நன்றாகவே கேட்கிறது, இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்கு விழுந்துவிடும்.

உடம்பு முடியாத நேரத்தில் சித்தியோடு எதற்கம்மா வம்பு, விட்டுவிடு என்று சொன்னாய். நான் விடுவதாக இல்லை. நீ நேரில் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறாய். வைகாசியில் உன் சித்தி முத்தம்மாள் மகன் தணிகைவேல் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டபோது நடந்தது இது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் நான் பட்டுப் புடவையைத் தொட்டே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, அன்றைக்கு அப்பாதான் சிலேட்டில் பட்டு கட்டு என்று எழுதிக் காட்டினார். மூக்கில் குழாயோடு அவரும் கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுமங்கலிகள் கம்புக்கு மஞ்சள் பூசப் போனோம், வீட்டுக்கு மூத்தவள் என்று நான் முதலில் கிண்ணத்தை எடுத்தேன். முத்தம்மாள் என் கையைப் பிடித்து, அக்கா, நீ குந்து, மாமா இருக்கற நெலமைல நீ இன்னாத்துக்கு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ளைக்கு ஆகாது என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். புருஷன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என்னைத் தாலி அறுத்தவள் வரிசையில் நிறுத்தினாள் ரம்யா. மூன்று தெருச் சனம் பார்த்தது, அவரும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குழாயில் கஞ்சி விடவே விடவில்லை, கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாளும் அப்படியே. சிலேட்டில் போதும் என்று எழுதினார். கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கடைசியில் ஆத்திரம் வந்துவிட்டது. இந்தா பாரு, நீ பூட்டின்னா அவ சொன்னது நெசமாப் பூடும், அதுக்கா உன்னத் தூக்கிக்கினு ரயிலு ரயிலா அலைஞ்சேன் என்று கத்தினேன். என் பக்கம் திரும்பி மூக்குக் குழாயை அவரே நிமிர்த்திப் பிடித்தார். அன்றைக்குக் கஞ்சி இறங்கினது என் கைப்பக்குவத்தால் இல்லை, முத்தம்மாள் மேல் இருந்த கோபத்தால்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். ஆவணியில் அப்பாவுக்கு எழுபது முடிகிறது, எழுபதாம் கல்யாணம் வைக்கிறேன். அதே தெரு, அதே சனம், பந்தல்கூட அதே அந்தோணி பந்தல்தான். டாக்டர் கூட்டம் சேர்க்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள் என்று சொல்லிச் சம்மதித்தார். நர்சு செல்வி ஒரு வாயாடி, ஆயா, மாப்ள இன்னும் கொஞ்சம் தேறணும், பொண்ணு தளதளன்னு கீது, இவரு குச்சியாட்டம் நிக்கறாரே என்கிறாள். அப்பா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிக்கிறார், நான் அதைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

தாலி கட்டும்போது பின்னால் விளக்குப் பிடிக்க அப்பாவுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை, அப்புறம் முறை தம்பி பெண்சாதிக்குத்தான். போன புதன்கிழமை வெற்றிலை பாக்கோடு முத்தம்மாள் வீட்டுக்குப் போனேன். புதுச் சம்பந்திகள் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன், மறைக்கமாட்டேன். உங்க மாமா எனக்குத் தாலி கட்டறாரு, நீதான் வெளக்கு புடிக்கணும் முத்தம்மா என்று கேட்டேன். அவள் முகம் வாடிப்போயிற்று. சம்பந்தி அம்மாள் ஐயோ இதெல்லாம் எவ்ளோ பெரிய பாக்கியம் என்று வேறு சொல்லிவிட்டாள். முத்தம்மாள் செரிக்கா என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. கல்யாணத்து லட்டு அனுப்பியிருந்தாளே, அதை நான் பிரிக்கவே இல்லை, எறும்பு தின்கிறது.

ஒரே ஒரு கவலைதான். கீமோ போட்டதிலிருந்து அப்பாவுக்கு விரல் நுனி மரத்துக் கிடக்கிறது, சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிடுகிறேன். தாலி முடிச்சு எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. ராத்திரியில் கூப்பிடக் குரல் இல்லாததால் என் மணிக்கட்டுக்கும் அவர் மணிக்கட்டுக்கும் ஒரு நூல் கட்டிக்கொண்டு படுப்போம், வேண்டும்போது இழுப்பார். தினமும் நான்தான் கட்டுவேன். இப்போது கொஞ்ச நாளாக நூலை என்னிடமிருந்து வாங்கி அவரே கட்டுகிறார், மூன்று முடிச்சு. இரண்டாவது இன்னும் நழுவுகிறது. நான் எதுவும் தெரியாதவள் மாதிரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டிக் கிடக்கிறேன்.

மூன்றையும் அவரே போடட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அதுவரை முத்தம்மாள் கை வலிக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஸ்நேகாவுக்கும் எங்கள் இருவர் ஆசீர்வாதம், நோய் நொடி இல்லாமல் இருங்கள். ஆவணிக்கு டிக்கெட் போட மறக்காதே. அப்பா மெலிந்துதான் இருப்பார், அழுத முகத்தோடு வந்து இறங்காதே, நகையெல்லாம் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
குப்புராஜ் சம்சாரம்,
உன் அம்மா பூவம்மாள்