அகஸ்ரின் வீட்டுத் தேத்தண்ணி

12 ஏப்ரல் 1996
டொக்டர் பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னா: "ஒவ்வொரு நாளும் நடவுங்கோ அங்கிள். மூண்டு மாசத்தில சுகர் இறங்காட்டி இன்சுலின் ஊசிதான்." அண்ணைக்கும் ஊசியில்தான் தொடங்கியது. பிறகு கால் போனது. எனக்குப் பயம்.

13 ஏப்ரல்
நடந்தேன்! புலம்பெயர்ந்த எங்கள் சனம் நிறைந்த மோர்னிங்சைட்டில் சும்மா நடந்தால் விசரன் என்பார்கள். அதனால் சிநேகிதன் அகஸ்ரின் வீடு வரை போனேன்.

2 மே
அகஸ்ரின் வீடு, அன்புராசா வீடு, திரும்பும் வழியில் வின்சன்ற் வீடு. என் மனைவி குணவதிக்குப் பெருமை. எந்த வீட்டிலும் வெறும் வாயோடு விடமாட்டார்கள். அகஸ்ரின் தானே தேத்தண்ணி ஊற்றித் தருவான், குடிக்கமாட்டான். "நான் இப்பதான் குடிச்சனான், நீ குடி."

7 ஜூன்
சுகர் கூடிவிட்டது! நடந்து நடந்து கூட்டியிருக்கிறேன்.
டொக்டர் கேட்டா: "வழியில என்ன சாப்பிடுறனீங்கள்?"
"ஒண்டுமில்லை. தேத்தண்ணி மட்டும்."
"சீனியோடயோ?"
"வேற எப்பிடி?"
குணவதி கேட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். "சீனி வேண்டாமெண்டு சொல்ல வாயில்லையோ?" வாய் இருக்கிறது. சொன்னால் வருத்தக்காரன், நோயாளி என்று சனம் கதைக்கும். மகள் மயூரிக்குக் கலியாணம் பேசுகிற நேரம்.

10 ஜூன்
எலிவேற்றரில் மேல்வீட்டு மார்த்தா. எல் சல்வடோர்க்காரி. அவளுக்கும் சுகராம். இன்றைக்கு வெயில் என்பதுபோலச் சொல்கிறாள்! சனிக்கிழமைகளில் எங்கள் கட்டிடத்துப் பொது ஹோலில் அவர்களுடைய சனம் சுகருக்காக ஆடுகிறதாம். என்னையும் வரட்டாம். நானா? ஆட்டமா?

15 ஜூன்
குணவதி தள்ளாத குறையாக அனுப்பினாள். பாட்டுப் போட்டதும் என்னைவிடக் கிழடுகள் எல்லாம் சுழலுகிறார்கள். எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. மார்த்தாவின் புருஷன் கையைப் பிடித்துத் திருப்பினார். முடிய எல்லாருக்கும் தண்ணி. வெறும் தண்ணி! யாரும் கோபிக்கவில்லை.

23 ஜூன்
அகஸ்ரின் வீட்டில் சொல்லிவிட்டேன். "சீனி போடாதை. எனக்குச் சுகர். டான்சுக்கும் போறன்." அவன் கரண்டியைக் கீழே வைத்தான். சீனிப் போத்தலை மூடினான். சரி, நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். தெரியட்டும்.

12 ஜூலை
இறங்கிவிட்டது. ஊசி இல்லை! குணவதி என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

13 ஜூலை
ஹோல் வாசலில் அகஸ்ரின். புதுச் சப்பாத்து. உள்ளே வராமல் நிற்கிறான்.
"என்னடா?"
நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கும்தான். நாலு வருசம். வீட்டில பிள்ளையளுக்கும் தெரியாது."
அவன் ஏன் எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினான் என்று அப்போதுதான் விளங்கியது. நல்ல ஏச்சு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.
"வாடா. இடுப்பு எங்க இருக்கெண்டு நான் காட்டித் தாறன்."